வாசகர் கேட்டவை: ஆப்பிரிக்க வேட்டைப் பயணம்

கீழக்கரை முதல் தொண்டி வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை ஆப்பிரிக்கா அதிகம். வளைகுடாவில் தொழில் செய்கிறவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் ஒரே விமானத் தூரம்; கையில் பணமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. வேட்டை சரியா தவறா என்ற விவாதத்துக்கு இந்தப் பக்கம் போதாது. போக முடிவு செய்துவிட்டவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

என் சாச்சா மகன் துபாயில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து காட்டெருமை வேட்டைக்குக் கென்யா போகலாம் என்று பேச்சு. இது சட்டப்படி நடக்கிற காரியமா? எந்த மாதம் நல்லது?
(வாசகர், கீழக்கரை)

கென்யாவை விட்டுவிடுங்கள். 1977இலேயே அங்கே வேட்டையை மூடிவிட்டார்கள். "கென்யாவில் சிங்க வேட்டை" என்று யாராவது உங்களிடம் பேச ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். சட்டப்படி உரிமம் பெற்று வேட்டையாட முடிகிற நாடுகள் நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, தான்சானியா, மொசாம்பிக் போன்றவை. போட்ஸ்வானா 2014இல் மூடி 2019இல் மறுபடி திறந்தது. கதவு இப்படித் திறந்து மூடும் என்பதால், "பயணத்துக்கு முன் அரசு தடை விதித்தால் முன்பணம் முழுதும் திரும்பும்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பலர் அந்த வரியைத் தேடுவதே இல்லை.

முதல் பயணத்திலேயே காட்டெருமை வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதற்குக் கனமான துப்பாக்கி வேண்டும், ஏழு முதல் பத்து நாள் நடை வேண்டும். குறி சற்றுப் பிசகினால் உங்கள் உயிர் மட்டுமல்ல, தடம் பார்க்கிறவரின் உயிரும் போகலாம். குடூ, ஜெம்ஸ்பாக், இம்பாலா என்ற மான்வகைகள், பன்றி இனமான வார்த்தாக் போன்ற சமவெளி விலங்குகளோடு நமீபியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ ஐந்து முதல் ஏழு நாள் இருந்து பாருங்கள். உங்கள் கை எப்படி, கால் எப்படி, பொறுமை எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். தான்சானியா கடைசி. அங்கே வேட்டைப் பகுதிகள் மிகப் பெரியவை, நாட்களும் அதிகம், செலவும் அதற்கேற்ப ஏறும்.

நமீபியாவில் டிராஃபி வேட்டைக் காலம், அதாவது கொம்பையும் தோலையும் நினைவுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் வேட்டையின் காலம், பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. ஆனால் மே முதல் செப்டம்பர் வரைதான் கண்ணுக்கு வசதி. இலை உதிர்ந்து, புல் சாய்ந்து, தண்ணீர் சில இடங்களில் மட்டும் மிஞ்சும். விலங்குகள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஜூன், ஜூலையில் விடிகாலைக் குளிர் கடுமை. நம் ஊர் மார்கழிப் பனி ஒரு சால்வையில் தீரும். கலஹாரிப் பாலைவன ஓரத்தில் திறந்த வண்டியின் பின்னால் நிற்கும்போது வாளித் தண்ணீர் உறைகிற குளிர் அடிக்கும். கையுறையும் காதுமூடும் குல்லாவும் கட்டாயம்.

வாட்ஸ்ஆப்பில் இரண்டு நிறுவனங்கள் விலை அனுப்பியிருக்கின்றன. ஒன்றில் நாள் கட்டணம் 250 டாலர், இன்னொன்றில் 400. குறைந்த விலைக்காரர் படங்களும் நிறைய அனுப்பினார். எப்படித் தேர்ந்தெடுப்பது?
(வாசகர், இராமநாதபுரம்)

படத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் காசு கொடுப்பது இரண்டுக்கு: வேட்டைக்கு உரிமையுள்ள நிலம், உங்களோடு நடக்கப்போகிற ஆள். இவை இரண்டும் படத்தில் தெரியாது.

விலையை எப்போதும் முழுக்கக் கூட்டிப் பாருங்கள். ஒரு உதாரணக் கணக்கு. முதல் நிறுவனம்: நாளுக்கு 250 வீதம் ஏழு நாளுக்கு 1,750 டாலர். சுடுகிற விலங்குக்குத் தனி விலை: குடூவுக்கு 3,200, ஜெம்ஸ்பாக்குக்கு 1,300, வார்த்தாக்குக்கு 600. மொத்தம் 6,850. அடியில் பொடி எழுத்தில் விமான நிலையம் போய்வர 600, துப்பாக்கி வாடகை நாளுக்கு 50. ஆக 7,800. இரண்டாவது: ஏழு நாளுக்கு 2,800, குடூ 2,400, ஜெம்ஸ்பாக் 900, வார்த்தாக் 400. மொத்தம் 6,500, வண்டியும் துப்பாக்கியும் அதற்குள். 250 என்ற சோற்றுக்குள் முழுப் பூசணிக்காய் இருந்திருக்கிறது. வேட்டையாடாமல் கூட வருகிறவருக்குத் தனி நாள் கட்டணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி எதெதற்குச் சேரும் என்பதையும், தோலையும் கொம்பையும் பதப்படுத்திக் கட்டும் செலவையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது நிலம். "எங்கே வேட்டை?" என்று கேட்டால் "லிம்போபோ" என்றோ "ஜாம்பெசிப் பள்ளத்தாக்கு" என்றோ பதில் வரும். அது மாவட்டப் பெயர் சொல்வது மாதிரி. பண்ணையின் பெயர், வேட்டைப் பகுதியின் பெயர், அதன் பரப்பு, அது யாருடையது, இவருக்கு அங்கே ஒப்பந்தம் எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். நமீபியாவில் 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிராம மக்களே பாதுகாப்புச் சங்கங்கள் அமைத்து வேட்டை உரிமையை நிறுவனங்களுக்குக் குத்தகை விடுகிறார்கள். அந்தச் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஜிம்பாப்வேயிலும் கிராம நிலங்களில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அதோடு கோட்டா: இந்த ஆண்டு இந்த நிலத்தில் இந்த விலங்கு எத்தனை சுடலாம், அதில் எத்தனை பாக்கி? 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் ஓரத்தில் சீசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டு உலகமே பேசியதே, அப்போது எழுந்த கேள்விகளில் ஒன்றும் அந்த நிலத்துக்குச் சிங்கக் கோட்டா இருந்ததா என்பதுதான். நமீபியாவில் டிராஃபி அனுமதிச் சீட்டு வேட்டைக்கு முன்பே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு இனத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. சுட்ட பிறகு சீட்டு வாங்கித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் வேலி போட்ட நிலம். வேலி குற்றமில்லை. நிலம் எவ்வளவு பெரிது, விலங்கு அங்கேயே பிறந்து பெருகுகிறதா, அல்லது போன வாரம் லாரியில் வந்து இறங்கியதா என்பது முக்கியம். கூண்டில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் விட்டுச் சுட வைப்பது அங்குள்ள வேட்டைக்காரர்களே பலர் வெறுக்கிற வியாபாரம். விலை மிகக் குறைந்த "சிங்க வேட்டை" அனேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

இனி ஆள். வெளிநாட்டு வேட்டைக்காரரோடு உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும், அங்கே பி.எச். என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்த உரிமம் மாகாணவாரியாகத் தரப்படுகிறது. நீங்கள் போகும் மாகாணத்தில் அவருடையது செல்லுமா என்று உரிம எண்ணோடு கேளுங்கள். நிறுவன முதலாளி இனிக்கப் பேசுவார். நடக்கப்போகிறவர் வேறு ஆளாக இருப்பார். அவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். நமீபியாவில் 1974இல் தொடங்கிய நாஃபா, தென்னாப்பிரிக்காவில் 1978இல் தொடங்கிய ஃபாசா போன்ற தொழில்முறை வேட்டைக்காரர் சங்கங்களில் உறுப்பினரா என்று சங்கத்திடமே விசாரிக்கலாம். உறுப்பினர் என்பதாலேயே நல்லவர் என்று அர்த்தமில்லை. புகார் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது, அவ்வளவுதான்.

முன்பு போய்வந்தவர்களின் எண்கள் கேட்டால் கொடுப்பார்கள், மகிழ்ச்சியாகத் திரும்பியவர்களின் எண்களை மட்டும். "வெறுங்கையோடு திரும்பிய ஒருவரின் எண் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையானவரிடம் அப்படி இரண்டு பேராவது இருப்பார்கள். அந்த ஆளிடம் பேசும்போது, கடைசி நாளில் நிறுவனம் எப்படி நடந்துகொண்டது, அடிபட்ட விலங்கை எவ்வளவு நேரம் தேடினார்கள், ஒரு பி.எச்.சுக்கு எத்தனை பேர் என்று விசாரியுங்கள். நீங்கள் இருவரும் ஒருவரைப் பகிர்ந்தால் கட்டணம் குறையும். ஆனால் ஒருவர் சுடும் காலையில் மற்றவர் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

பணம்: விசைப்படகுக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பதுபோல நாள் கட்டணத்தில் பாதி முதலில். விலங்கின் விலை வேட்டை முடிந்த பிறகு, சுட்டதற்கு மட்டும். நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு, அதுவும் யுபிஐயில், என்றால் வேண்டாம்.

அடிபட்டு ஓடிப்போன விலங்குக்கும் பணம் கட்ட வேண்டுமாமே?
(வாசகர், தேவிபட்டினம்)

ஆம். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும் முழு விலை. இது எல்லா நாட்டிலும் வழக்கம், நியாயமும்கூட.

ஓடிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இடம் தப்பிய குறி. ஆப்பிரிக்க மான்வகைகளுக்கு இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிட முன்னால், தாழ்வாக, தோள்களுக்கு நடுவே இருக்கின்றன. விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பிலேயே மேலே ஏறி, உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். விலாவின் நடுவில் வைத்தால் குண்டு வயிற்றுக்குள் போய்விடும். அப்புறம் நாள் முழுக்கத் தேடல்தான். சுட்டவுடன் தலையைத் தூக்கிப் பார்க்காமல் அடுத்த குண்டை ஏற்றுங்கள். எந்தப் புதருக்குப் பின்னால் மறைந்தது என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஓடித் துரத்தாதீர்கள். அடிபட்ட காட்டெருமை என்றால் பி.எச். அரை மணி நேரம்வரைகூடக் காத்திருப்பார். அந்த நேரத்தில் அவர் சொல்வதைக் கேட்பது மட்டுமே உங்கள் வேலை.

எங்கள் வீட்டில் உரிமம் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. மாமாவிடம் .315 ரைஃபிளும் உண்டு. அதைக் கொண்டுபோகலாமா?
(வாசகர், பெரியபட்டினம்)

இரண்டையும் வீட்டிலேயே விடுங்கள். இங்கே ஏற்றுமதி அனுமதி, விமான நிறுவனத்தின் சம்மதம், இடையில் இறங்கும் நாட்டின் சம்மதம், அங்கே போலீஸ் படிவம் என்று நாலு கதவு. தென்னாப்பிரிக்காவில் 520 என்ற எண் கொண்ட படிவத்தை விமான நிலையப் போலீஸ் முன்னால் கையெழுத்திட வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் அனுமதி. இதில் ஒரு தாள் குறைந்தால் வேட்டையின் முதல் இரண்டு நாள் விமான நிலையத்திலேயே கழியும். .315 தோட்டாவை அங்கே கடைகளில் தேடி அலைய வேண்டிவரும். காட்டெருமைக்கு அதன் வலு சட்டப்படியே போதாது.

நமீபியா தோட்டாவின் இந்த வலுவை ஜூல் என்ற ஆற்றல் அளவில் வைத்திருக்கிறது: ஸ்பிரிங்பாக் என்ற சிறிய மானுக்குக் குறைந்தது 1,350, குடூ, ஜெம்ஸ்பாக் போன்றவற்றுக்கு 2,700, காட்டெருமைக்கு 5,400. சமவெளி விலங்குகளுக்கு .30-06 தோட்டா தாராளம். காட்டெருமைக்கு 1912இல் வந்த .375 எச் அண்ட் எச் இன்றைக்கும் குறைந்தபட்ச அளவுகோல். இரண்டும் நல்ல நிறுவனங்களில் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) என்ன, போல்ட் (குண்டு ஏற்றும் கைப்பிடி) எந்தப் பக்கம் என்று முன்பே கேளுங்கள். இடதுகைக்காரர் சொல்ல மறந்தால் அங்கே போய்த் திண்டாட்டம். முதல் நாள் 100 மீட்டரில் மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். மூன்றும் உள்ளங்கை அகலத்துக்குள் விழவில்லையென்றால் காட்டுக்குள் போகாதீர்கள்.

பயிற்சிக்கு வழி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் படுத்தோ உட்கார்ந்தோ சுடுவது அபூர்வம், புல் மறைக்கும். நின்றபடி மூன்று கோல் தாங்கியில் வைத்துத்தான் சுடுவார்கள். நம் கரையில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. ஆறடி நீளத்தில் கட்டைவிரல் பருமனுக்கு மூன்று கழி. உச்சியிலிருந்து நாலு விரற்கடை கீழே சைக்கிள் ட்யூப் பட்டையால் சுற்றிக் கட்டுங்கள். அடியை விரித்தால் மேலே ஒரு கவை வரும். உரிமம் தேவையில்லாத ஏர் ரைஃபிளை அதில் வைத்து, பத்து மீட்டரில் ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டத்தைக் குறி பாருங்கள். கோலை விரித்து, துப்பாக்கியை வைத்து, குறி பிடித்துச் சுடுவதற்குள் பத்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. தினம் இருபது முறை, இரண்டு மாதம். இரட்டைக் குழலில் பழகிய கை விசையை வெடுக்கென்று இழுக்கும், முகத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கும். இரண்டு பழக்கமும் இதில்தான் போகும். கனமான ரைஃபிளில் கண்ணை ஸ்கோப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் புருவம் கிழியும். நாலு விரல் இடைவெளி வையுங்கள்.

கொம்பையும் தோலையும் ஊருக்குக் கொண்டுவந்து வீட்டு முகப்பில் மாட்ட முடியுமா?
(வாசகர், மண்டபம்)

உங்கள் ஊரில் கடல் அட்டை 2001 முதல் தடையில் இருக்கிறது. ஒரு சாக்கு அட்டையோடு பிடிபட்டவர் பட்ட பாடு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தடைக்கு அடிப்படையான 1972 வனவிலங்குச் சட்டத்தில், 2022 திருத்தத்தின் வழியாகச் சைட்டீஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலும் சேர்க்கப்பட்டது. வெளிநாட்டில் சட்டப்படி சுட்டது என்பது இந்தியச் சுங்கத்துக்கு விடையாகாது. சிறுத்தை சைட்டீஸ் முதல் பட்டியலில் இருக்கிறது, ஆப்பிரிக்கச் சிங்கம் இரண்டாவதில். பட்டியலில் இல்லாத விலங்கானாலும் முன் அனுமதி கையில் இல்லாமல் பார்சல் வந்தால் பறிமுதல், அதற்கு மேல் வழக்கு.

ஆகவே எதுவும் வீட்டுக்கு வராது என்று வைத்துக்கொண்டே பயணச் செலவைப் போடுங்கள். பதப்படுத்தும் கூலியும் கப்பல் கூலியும் மிச்சம். கொம்பை அளந்து, படம் எடுத்து, அங்கேயே விட்டுவிடுவதில் இழப்பு இல்லை. எப்படியும் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், சுடுவதற்கு முன்பே சென்னையிலுள்ள வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கடைத்தெருவில் விற்கும் தந்த மணி, யானை முடி வளையல், முள்ளம்பன்றி முள், உலர்ந்த இறைச்சிப் பொட்டலம் எதையும் பையில் போடாதீர்கள். ஆப்பிரிக்கத் தந்தமானாலும் இங்கே வியாபாரம் 1991 முதல் தடை.

முகாமில் ஹலால் சாப்பாடு கிடைக்குமா? வேட்டையாடிய இறைச்சி என்ன ஆகும்?
(வாசகர், ஏர்வாடி)

முன்பே சொன்னால் கிடைக்கும், சொல்லாவிட்டால் கிடைக்காது. தென்னாப்பிரிக்க நகரங்களில் ஹலால் கடைகள் நிறைய. கோழியும் ஆட்டிறைச்சியும் அங்கிருந்து வாங்கி வரச் சொல்லலாம். நமீபியாவின் உட்பகுதியில் இது சிரமம், ஆகவே தலைநகர் விண்ட்ஹூக்கிலேயே வாங்கி ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியது வார்த்தாக். அது பன்றி இனம். முகாம்களில் விரும்பிச் சமைப்பார்கள், அதே சட்டி, அதே அடுப்புக் கம்பியில். தனிச் சட்டி, தனிக் கம்பி என்று எழுதிக் கேளுங்கள். வேட்டை இறைச்சி நில உரிமையாளருக்கோ கிராமத்துக்கோ போகும். உங்களுக்குச் சேராது. அறுப்பு பற்றிய மார்க்கக் கேள்விகளுக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்பதே முறை.

எங்கள் சோளக்காட்டைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. அங்கே காசு கட்டிச் சுடலாம், இங்கே சுட்டால் ஜெயிலா?
(வாசகர், சாயல்குடி)

ஆம், நீங்களாகச் சுட்டால் வழக்குதான். சேதத்தைப் படம் எடுத்து வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள்.

சுடுவதில் விருப்பமில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு விலங்குகளைப் பார்த்துவர வேண்டும். தடுப்பூசி என்னென்ன?
(வாசகர், இராமேசுவரம்)

அப்படியென்றால் கென்யாதான். அங்கே மசாய் மாரா காப்பகத்தில் வில்டபீஸ்ட் என்ற மான்வகைக் கூட்டம் ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் நுழைவுக் கட்டணமே நாளுக்கு 200 டாலர். 2024 முதல் இதுதான். ஜனவரி முதல் ஜூன் வரை 100. ஆறு கடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் பிப்ரவரி அம்மாவுக்கு நிம்மதி: கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. சின்ன விமானத்தில் போவதானால் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற துணிப்பையில். பிளாஸ்டிக் கேரிபேக்கில் துணி சுற்றிக் கொண்டுபோகாதீர்கள்; 2017 முதல் அங்கே தடை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், செல்ல ஆரம்பித்தால் ஆயுளுக்கும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். நம் கரைக்குப் பக்கம் தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம். நாள் குறித்துக்கொண்டு போங்கள். வயதான அம்மா என்பதால் மருத்துவரிடம் காட்டாமல் இந்த ஊசி போடக் கூடாது. அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு வாய்ப்பு கூடுதல். தென்னாப்பிரிக்கா போகிறவர்களும் கவனிக்க: அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கி மாறினால் அங்கேயும் சான்றிதழ் கேட்பார்கள்.

மலேரியா நம் தீவுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே இருப்பது மூளையைத் தாக்கும் வகை. மருத்துவர் எழுதுவது டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நாலு வாரம், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும். ஊருக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

என்ன உடை, என்ன செருப்பு?
(வாசகர், தொண்டி)

சீமைக்கருவேல முள் ஹவாய்ச் செருப்பைத் துளைத்து ஏறுவதைப் பார்த்த ஊர்க்காரர் நீங்கள், அங்கேயும் முட்காடுதான். கணுக்கால் வரை மூடும் தோல் பூட்ஸ், இரண்டு மாதம் போட்டுப் பழகியது. புதுப் பூட்ஸோடு இறங்கினால் இரண்டாம் நாளே கொப்புளம். காக்கி அல்லது ஆலிவ் நிறம் போதும். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், ட்செட்சே என்ற கடிக்கும் ஈயை இழுக்கும். ராணுவப் புள்ளித் துணி ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் சாதாரண ஆட்கள் போடக் கூடாதது. முகாமில் தினமும் துவைத்துக் கொடுப்பார்கள், மூன்று செட் போதும். அன்பளிப்புக்கு நாள் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு சின்னச் சின்ன டாலர் நோட்டுகளாகத் தனியே எடுத்துவையுங்கள். தடம் பார்ப்பவருக்கும் தோல் உரிப்பவருக்கும் சமையல்காரருக்கும் அவரவர் கையிலேயே கொடுங்கள். முதலாளியிடம் மொத்தமாகக் கொடுத்தால் போய்ச் சேருமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.